அலுமினியம் பெட்டியில ஓட்டை போட்டா சமோசா மாதிரி வருது, என்ன பண்றது?

ஹம்_நாய்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். டிடிஏ 7294ங்கிற ஆம்ப்ளிஃபையர் ஐசி போர்டு ரெண்டு வச்சு ஸ்டீரியோ ஆம்ப் பண்ணி மூணு மாசமாச்சு, பெட்டி இல்லாம மேஜை மேல அப்படியே கிடக்குது. போன வாரம் பூனை போய் ட்ரான்ஸ்ஃபார்மர் மேல படுத்துருச்சு, நல்லவேளை ப்ளக் பிடுங்கி வச்சிருந்தேன், அதுக்கப்புறம் வீட்ல "ஒண்ணு பெட்டியில போடு, இல்ல பேரீச்சம்பழத்துக்குப் போடு"ன்னுட்டாங்க. சரின்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒன்றரை எம்எம் அலுமினியம் பெட்டி வாங்கிட்டு வந்தேன். வால்யூம் பாட் (சத்தம் கூட்டிக் குறைக்குற திருகு) மாட்ட 8 எம்எம் பிட் வச்சு நேரா அழுத்துனா, பிட்டு வழுக்கி முன் பேனல்ல நீளமா ஒரு கீறல், அப்புறம் இறங்குறப்போ கடகடன்னு ஆடி ஓட்டை மூணு மூலையா வந்துருக்கு, கடைசியில பிட் மாட்டிக்கிட்டு பெட்டியே கையோட சுத்தி கட்டை விரல்ல கிழிச்சுருச்சு. இன்னும் ஆர்சிஏ (ஆடியோ வயர் சொருகுற சாக்கெட்), டாகிள் சுவிட்ச், பின்னாடி ஐஇசி சாக்கெட்டுக்கு (பவர் கார்டு சொருகுறது) நீள்சதுர ஓட்டை எல்லாம் பாக்கி. என்கிட்ட இருக்குறது 10 எம்எம் ட்ரில் மிஷின், ஆக்ஸா பிளேடு, ரெண்டு அரம், அவ்ளோதான். எப்படிப் பண்றது?

கோவை_பட்டறை:
தம்பி, விரலோட போச்சேன்னு சந்தோஷப்படு. மொதல்ல மிஷின்ல ஹேமர் மோட் (சுத்திக்கிட்டே இடிக்குறது) ஆன்ல இருந்துச்சான்னு பாரு, சுவத்துக்கு ஓட்டை போட்டுட்டு அப்படியே விட்டுருப்ப, பாதிப் பேரு அதான் பண்றாங்க. பிட்டும் சுவத்துக்குப் போடுறதா இருந்தா தூக்கி வை, உலோகத்துக்குப் போடுற எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் தான் வேணும்.

சமோசா ஏன் வருதுன்னா, சாதா பிட்டோட முனை 118 டிகிரி. 8 எம்எம் பிட்டுல அந்தக் கூம்பு மட்டுமே கிட்டத்தட்ட 2.4 எம்எம் நீளம். உன் தகடு ஒன்றரை தான். அப்போ பிட்டோட ஓரம் தகட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே மூக்கு அந்தப் பக்கம் வெளிய போயிருது, நடுவுல பிடிமானம் இல்லாம பிட்டு அலையுது. அதனால தகட்டுக்கு அடியில மரக்கட்டை முட்டுக் குடு, மூக்கு போய் மரத்துல இறங்கி அங்க பிடிச்சுக்கும். கட்டையையும் பேனலையும் சேத்து சி கிளாம்ப் போட்டு மேஜையோட இறுக்கு, கையில பிடிக்கவே பிடிக்காத. கையுறையும் போடாத, சுத்துற பிட்டு துணியைப் பிடிச்சா கையை உள்ள இழுத்துரும். கண்ணாடி மட்டும் கட்டாயம்.

மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல பென்சில்ல கோடு போடு, கீறலும் விழாது. சென்டர் பஞ்ச் (கூர் முனை உளி) வச்சு சுத்தியால ஒரே தட்டு, குழி விழுந்தா பிட்டு வழுக்காது. 3 எம்எம்ல மொதல் ஓட்டை, அப்புறம் ஸ்டெப் ட்ரில். கிறிஸ்மஸ் மரம் மாதிரி படிப்படியா இருக்குமே, 4ல இருந்து 12 வரைக்கும் போறது, அது ஒண்ணு வாங்கிரு. மெல்லிசு தகட்டுல அதை அடிச்சுக்க வேற பிட்டே இல்ல, ஓட்டை ரவுண்டா வரும், அடுத்த படி லேசாத் தொட்டா பிசிறும் போயிரும். ஒவ்வொரு படிக்கும் நிறுத்தி பாட் நுழையுதான்னு பாத்துட்டு போ, எனக்கு ஒரு தடவை அவசரத்துல ரெண்டு படி தாண்டிருச்சு, அந்த பேனல் இன்னைக்கும் பட்டறையில கூஜா மூடியா கிடக்குது. ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக்கோ, இல்லேன்னா அலுமினியம் சூட்டுல இளகி பிட்டுல ஒட்டிக்கும்.

ரோசின்_வாசம்:
ஐஇசி ஓட்டைக்கு நான் பண்றதைச் சொல்றேன். ஸ்குரூ வர்ற மாடலா வாங்குங்க, அதுக்குச் சுத்தி விளிம்பு இருக்கும், ஒரு எம்எம் கோணலா வெட்டினாலும் மறைஞ்சுரும், அழுத்துனா மாட்டிக்கிற ஸ்னாப் டைப் வாங்கினா கால் எம்எம் கூட ஆனாலே லொடலொடன்னு ஆடும். ஓட்டை சுமாரா 27க்கு 20, ஸ்குரூ நடு 40 எம்எம், ஆனா கையில இருக்குற சாக்கெட்டை அளந்துட்டு கோடு போடுங்க. கோட்டுக்கு உள்பக்கமா 4 எம்எம் ஓட்டையா ஒண்ணை ஒட்டி ஒண்ணு வரிசையா போட்டு, நடுவுல இருக்குற பாலத்தை ஆக்ஸா பிளேடால அறுத்துட்டா நடுத்துண்டு கழண்டு விழும். ஃபிரேம் உள்ள போகாது, வெறும் பிளேடுக்கு ஒரு முனையில துணி சுத்திப் பிடிங்க. அப்புறம் பட்டை அரம், பொறுமை. அரத்துல மொதல்ல சாக்பீஸ் தேய்ச்சுக்கோங்க, அலுமினியத்தூள் பல்லுல அடைக்காது.

டிஜிட்டல்_தம்பி:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு ப்ரோ, வரைஞ்சு லேசர் கட்டிங் கடையில குடுத்தா அரை மணி நேரத்துல முடிச்சுருவான்.

கோவை_பட்டறை:
பத்து பெட்டிக்குன்னா நானும் அதான் சொல்வேன் தம்பி. ஒரு பெட்டிக்கு, அதுவும் மடிச்சு பெயின்ட் அடிச்ச பெட்டியை எடுத்துட்டுப் போனா என் ஊர்ல உள்ளயே விட மாட்டாங்க.

பழைய_ரேடியோ:
எல்லாரும் ஓட்டையவே பேசுறீங்க, எர்த்தை யாரும் சொல்லல. 230 வோல்ட் உள்ள வருது, பெட்டி உலோகம், ஐஇசியோட எர்த் பின்னுல இருந்து வயர் நேரா பெட்டிக்கு, அதுக்குன்னே தனி போல்ட், ட்ரான்ஸ்ஃபார்மர் போல்ட்டுல சேர்த்துப் போடாதீங்க. பெயின்ட்டோ அனோடைஸிங்கோ (அலுமினியம் மேல ஏத்துற ஆக்ஸைடு பூச்சு) இருந்தா அந்த இடத்துல பளபளன்னு வர்ற வரைக்கும் சுரண்டணும், அனோடைஸ் பண்ண தோல்ல கரண்ட் போகாது. ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிட்டு மல்டிமீட்டர்ல பீப் வருதான்னு பாருங்க. இன்னொண்ணு, போர்டை வெளிய எடுத்துட்டு தான் ட்ரில் பண்ணணும். எனக்கு ஒரு தடவை ஒரு சின்ன சுருள் போய் ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையர் அடியில உக்காந்துருந்துச்சு, ஆன் பண்ணதும் டப்புனு ஒரு சத்தம், தெருவே எட்டிப் பாத்துச்சு.

ஹம்_நாய்ஸ்:
முடிச்சாச்சு அண்ணா! ஹேமர் மோட்ல தான் இருந்துச்சு, சொல்லவே வெக்கமா இருக்கு. ஸ்டெப் ட்ரில் வெண்ணெய் மாதிரி இறங்குது. ஐஇசி ஓட்டைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ராவுனேன், வலது மணிக்கட்டு இன்னும் வலிக்குது. சமோசா ஓட்டையை 30 எம்எம் நாப் போட்டு மறைச்சாச்சு, கீறல் மேல ஸ்டிக்கர். எர்த் பீப் வந்துச்சு. ஒரே ஒரு டவுட், மூடி நல்லா வெதுவெதுன்னு இருக்குறதால பூனை இப்போ அது மேல தான் தூங்குது. காத்து ஓட்டை எங்க போடுறது?

பழைய_ரேடியோ:
மூடியில வேண்டாம், முடி பூரா உள்ள விழும். அடியில ஒரு வரிசை, பின் பேனல்ல மேல் ஓரமா ஒரு வரிசை, 4 எம்எம் போதும். கால் புஷ்ஷை உயரமா போடுங்க, இல்லேன்னா அடி ஓட்டையில காத்து ஏறாது.