காலிமுகத்திடல் படம்: அடிவானம் கழுத்தில் வந்தால் அழிக்க வேண்டுமா?

கடற்கரைக்காற்று:
ஞாயிறு மாலை கொழும்பின் கடலோரப் புல்வெளியான காலிமுகத்திடலில் எடுத்த படம். மகளுக்கு ஆறு வயது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பட்டம் விடுகிறாள். காற்று கடலிலிருந்து வீசியதால் பட்டம் என் தலைக்கு மேலே போய்விட்டது; படத்தில் நூல் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளை நட்டநடுவில், பின்னால் சூரியன், அடிவானமும் ஏறத்தாழ நடுவில், அவள் கழுத்தடியில். படமெடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த நண்பர் பார்த்தவுடனே, "மூன்றிலொன்று விதி தெரியாதா? அழித்துவிடுங்கள்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வது சரியா?

மூன்றாம்கோடு:
அழிக்கச் சொன்னது அதிகம். ஆனால் குறை இருக்கிறது. போன் திரையில் படத்தை மும்மூன்றாகப் பிரிக்கும் கட்டக்கோடுகளை வரவழையுங்கள்: நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு. அடிவானம் கீழ்க்கோட்டில், பிள்ளை ஒரு பக்கக் கோட்டில். வார இறுதியில் சிறுவர்களுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் எல்லோரும் எல்லாவற்றையும் நடுவிலேயே வைப்பார்கள், கடவுச்சீட்டுப் படம் போல. கோடு கொடுத்த பிறகுதான் ஓரங்களைப் பார்க்கவே தொடங்குகிறார்கள்.

பழைய பிலிம்:
தம்பி, குறை இருப்பது சரி, மருந்துதான் பிழை. அடிவானம் பிள்ளையின் கழுத்தை அறுக்கிறது. கண்ணை உறுத்துவது அதுதான். போனை மேலே சாய்த்து அந்தக் கோட்டைக் கீழே கொண்டுபோனால் கழுத்தும் கூடவே கீழே போகும், அவ்வளவுதான். கடலின் அடிவானம் எப்போதும் கமரா இருக்கும் உயரத்திலேயே ஆளை வெட்டும். திடல் சமதரை. நின்றபடி நெஞ்சளவில் பிடித்தால் ஆறு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே போகும். குந்தியிருந்து பிடித்தால் கழுத்தில் விழும். கடற்கரைக்காற்று, நீங்கள் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள். கையை இன்னும் இறக்கி அவள் முழங்கால் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். தலை, தோள், நூலைப் பிடித்த கை, எல்லாம் வானத்தில் நிற்கும்.

இந்த மூன்றிலொன்று, 1797இல் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் ஓவியத்தைப் பற்றி எழுதியது. அப்போது புகைப்படமே பிறக்கவில்லை.

மூன்றாம்கோடு:
கழுத்து விடயத்தை ஒப்புக்கொள்கிறேன், அண்ணா. நானே கவனித்திருக்க வேண்டும். ஆனால் பழையது என்பதற்காகத் தள்ளுவதென்றால் உங்கள் உயரக் கணக்கையும் தள்ள வேண்டும். அடிவானத்தைப் பார்ப்பவரின் உயரத்தோடு சேர்த்து 1435இலேயே இத்தாலியின் அல்பேர்ட்டி ஓவியர்களுக்கு எழுதிவைத்துவிட்டார்!

பழைய பிலிம்:
அது விதி இல்லை, கண் வேலை செய்யும் முறை. மாற்றவே முடியாது. உங்கள் கோடு ஒரு பழக்கம். பக்கவாட்டில் பார்க்கும் ஆளுக்கு அவர் பார்க்கும் திசையில் இடம் விடுங்கள், நானும் விடுவேன். இந்தப் பிள்ளையோ நம் தலைக்கு மேலே, நேராக நம்மை நோக்கி அண்ணாந்து நிற்கிறாள். அவளை எதற்காக ஓரத்துக்குத் தள்ள வேண்டும்?

செட்டியார்தெரு:
கோட்டுச் சண்டைக்கு நடுவில் ஒன்று. ஒளியைக் கவனிக்காவிட்டால் எந்தக் கோடும் காப்பாற்றாது. என் மச்சாளின் கலியாணக் காணொளியில் தாலி கட்டும் இடத்தில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்கின்றன. கூறைச்சேலையின் மேல் நிழற்பாம்பு போல. எடுத்தவர் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/60 செக்கனில் வைத்திருக்கிறார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. மண்டபத்தின் மலிவு விளக்குகள் சுற்றுக்கு இரண்டாகச் செக்கனுக்கு 100 முறை துடிக்கும். 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், பட்டை வராது. 1/60இல் இரண்டாவது துடிப்பு பாதியில் அறுந்துவிடும். செக்கனுக்கு 25 படம், ஷட்டர் 1/50. இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மூன்றாம்கோடு:
என் வகுப்பில். நண்பகல் வெயிலில் அதே 1/50ஐ வைத்தால் படம் வெளுத்துவிடும், லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கும் கறுப்பு பில்டர் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடற்கரைக்காற்று:
கலியாண மண்டபத்திலிருந்து திடலுக்கு வாருங்கள். அவள் முகம் கருத்துப்போனதற்கு என்ன வழி?

பழைய பிலிம்:
முகம் வேண்டுமா, நிழலுருவம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நேரெதிர் சூரியனில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. திரையில் முகத்தைத் தொட்டால் வானம் வெள்ளையாகிவிடும். வானத்தை அழுத்திப் பிடித்து ஒளியை இறக்கினால் பிள்ளை கரிக்கோடாக நிற்பாள், வானத்தின் நிறம் தங்கும். முகம்தான் வேண்டுமென்றால் கடலை விட்டுவிட்டுத் தெற்கே, பழைய ஹோட்டல் பக்கம் திரும்புங்கள். மாலை வெயில் வலப்பக்கத்திலிருந்து கன்னத்தில் விழும். தாமதிக்க வேண்டாம். கொழும்பில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். இறால் வடை வாங்கிவந்து பார்த்தால் இருட்டியிருக்கும்.

மூன்றாம்கோடு:
இதில் எனக்கும் மறுப்பில்லை. நான் நிழலுருவத்தையே எடுப்பேன்.

கடற்கரைக்காற்று:
நேற்று மறுபடியும் போனோம். புல்லில் முழங்காலிட்டு, போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் அவள் முழங்கால் மட்டத்துக்கு வரும்படி எடுத்தேன். காற்சட்டை போயிற்று. ஆனால் பழைய பிலிம் அண்ணா சொன்னபடியே முழங்காலுக்கு மேலே முழுப் பிள்ளையும் வானத்தில். கை உயர்ந்திருக்கிறது, நூல் படத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போகிறது. இணைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பினேன். உடனே அழைத்தார். "வடிவான படம் தம்பி, பிள்ளையின் முகம் எங்கே?"

மூன்றாம்கோடு:
பார்த்தேன். நல்ல படம். அம்மாவுக்கு ஹோட்டல் பக்கம் திரும்பி ஒன்று எடுத்து அனுப்புங்கள். அதிலாவது பிள்ளையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்துப் பாருங்கள்.