பெரிய த்ராட்டில் பாடி பொருத்துவது குறித்து ஆலோசனை தேவை
வணக்கம். என் பிக்கப் டிரக்கின் பெட்ரோல் எஞ்சினில் உள்ள, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் 70 மி.மீ. த்ராட்டில் பாடிக்குப் பதிலாக 80 மி.மீ. அளவுள்ளதைப் பொருத்த விரும்புகிறேன். காற்று செல்லும் பரப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடும் என்றாலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் வாய் 70 மி.மீ. ஆகவே இருப்பதால், இரண்டும் சேரும் இடத்தில் சுற்றிலும் 5 மி.மீ. விளிம்பு துருத்தி நிற்கிறது. கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தபோதே அது தெளிவாகத் தெரிந்தது. அலுமினிய மேனிஃபோல்டுதான் என்பதால், அந்த விளிம்பைச் சரிவாகக் கடைந்துவிடலாமா, அல்லது படிப்படியாகக் குறுகும் அடாப்டர் தகடு போடுவது நல்லதா?

இது எலக்ட்ரானிக் த்ராட்டில். அதற்குள் திறந்து மூடும் த்ராட்டில் தகடு அதே கோணத்தில் திறந்தாலும் முன்பைவிட அதிகக் காற்று உள்ளே போகும் என்பதால், ஐடிலிங் ஆர்.பி.எம். ஏறிவிடுமோ என்பதே என் பெருங்கவலை. ஐடில் ரீலேர்ன் (ஐடில் நிலையை வண்டியின் கணினி புதிதாகக் கற்றுக்கொள்ளச் செய்வது) மட்டும் போதுமா, இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனிங்கும் கட்டாயமா? பாரம் ஏற்றும் வண்டியில் இதைச் செய்தவர்கள், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அவசியம் தெரிவியுங்கள்.