புதுப்பிப்பு: 'கரஸ்பாண்டன்ட்'டுக்கு அரபிச் சொல் கிடைத்துவிட்டது

கடிதம் எழுதுபவர், செய்தியாளர் இருவரையும் குறிக்கும் 'கரஸ்பாண்டன்ட்'டுக்கு அரபியில் என்ன என்று, ஒரு நண்பரின் சுயவிவரத்துக்காகப் போன வாரம் கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

'காதிப்' சரிப்படவில்லை, அது எழுத்தாளர் அல்லது எழுத்தர். ஒருவர் சொன்ன 'முராஸில்'தான் பொருந்தியது. கடிதத்தைக் குறிக்கும் 'ரிஸாலா'வும் அதே வேரில் பிறந்ததுதான். பெண் என்றால் 'முராஸிலா'.

எதிர்பாராத ஒன்று: அலுவலகத்தில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகும் ஊழியரையும் சில அரபு நாடுகளில் முராஸில் என்றே அழைக்கிறார்கள்! அதனால் நண்பரின் சுயவிவரத்தில் 'முராஸில் ஸஹஃபி' என்று, பத்திரிகை சார்ந்தவர் எனப் பொருள்படும் 'ஸஹஃபி'யைச் சேர்த்துப் போட்டோம், குழப்பமில்லை.

அப்புறம்தான் உறைத்தது: நம் 'நிருபர்' என்ற சொல்லுக்குள்ளும் நிருபம், அதாவது கடிதம், இருக்கிறதே. பைபிளில் பவுலின் நிருபங்கள் என்கிறோமே, அதுதான்.