வாரத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று ஆனபோது

கமாயுட் மருமகள்:
ரங்கூன் கமாயுட்டில் எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கு 72 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். அன்றிலிருந்து 'நெஞ்சுக்கு நல்லது' என்று யார் எதைச் சொன்னாலும் மறுநாள் அது எங்கள் அலமாரியில் இருக்கும். மாசி மாதம் சென்னையிலிருந்து வந்த அவருடைய சித்தப்பா மகன், வைட்டமின் டி குளிகை பத்து அட்டை கொடுத்தார். அட்டைக்கு நான்கு, ஒவ்வொன்றும் 60,000 யூனிட். அந்த மனிதருக்கு அங்கே டாக்டர் எழுதியது வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். அதைச் சொல்லித்தான் கொடுத்தாராம். மாமா காதில் விழுந்தது 'ஒன்று' மட்டும்.

எல்லாவற்றையும் உரித்து வெற்றிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, காலைத் தேநீரோடு தினம் ஒன்று விழுங்கியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு மாதம் போனபின் மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஓயாத தாகம், மலச்சிக்கல், இரவில் நான்கைந்து முறை சிறுநீர். சர்க்கரைதான் என்று நாங்களே முடிவுகட்டிப் பரிசோதித்தோம், இல்லை. ஒரு நாள் என்னைப் பார்த்து, இறந்துபோன தம் அக்காள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தில் 10.5-க்குள் இருக்க வேண்டிய கால்சியம் 13-ஐத் தாண்டியிருந்தது.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். நான் கொடுத்த பட்டியலில் இது இல்லை. வெற்றிலைப் பெட்டியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன் என் மகன். எழுபதைத் தாண்டியவருக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் போதும்; இவர் அதைப் போல் 75 மடங்கு சாப்பிட்டிருக்கிறார். வைட்டமின் டி மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறுமாம். போதாததற்கு, இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் தயசைடு மாத்திரை, கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். நெஞ்சைக் காக்கப் போய், நெஞ்சுத் துடிப்பே தடுமாறும் நிலை. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

மருந்துக் கடைக்காரர், ரங்கூன்:
நடந்திருக்கிறது, தங்கச்சி. என் கடைக்கும் 'ஹார்ட்டுக்கு டி கொடுங்கள்' என்று வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் மறுபேச்சில்லாமல் விற்றேன், மறைப்பானேன்.

இந்த எண்ணம் சும்மா வரவில்லை. 2008-இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் ஆய்வில், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது தெரிந்தது. ஆனால் சீக்காளி வெயிலில் நடமாட மாட்டான். அவனுக்கு டி குறையத்தானே செய்யும்? நோயால் குறைவா, குறைவால் நோயா என்று பார்க்க மாத்திரை கொடுத்துத்தான் ஆக வேண்டும். வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நியூசிலாந்தில் மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்தும் அதே கதைதான். ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் (2023) கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவு. அதை நம்பி ஸ்டென்ட் வைத்தவருக்கு நான் விற்க மாட்டேன்.

மோல்மேன் வாத்தியார்:
ஐயா, மாத்திரையையே பழிக்க வேண்டாம். என் தாயார் ஐந்தாம் மாடியில் இரண்டு மழைக்காலம் வெளியே வராமல் கிடந்தார். பால்கனிக்கு வந்தாலும் தனக்கா (மரப்பட்டைச் சாந்து) பூசாமல் வரமாட்டார். நம் கறுத்த தோலுக்கோ வெயில் கூடுதலாகவே வேண்டும். இரத்தத்தைப் பரிசோதித்தால் வைட்டமின் டி 9 இருந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைவு. டாக்டர் எழுதிய அளவில் மூன்று மாதம் கொடுத்தோம். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இழுத்து ஏறியவர், இப்போது கீழே இறங்கி மீன்காரியிடம் பேரம் பேசுகிறார். எலும்புக்கும் தசைக்கும் கேட்டது. இரத்த அழுத்தம் மட்டும் இம்மியும் இறங்கவில்லை.

கமாயுட் மருமகள்:
நன்றி, அண்ணே. நன்றி, ஐயா. ஏழு நாள் சலைன் ஏற்றினார்கள். இந்த வைட்டமின் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடுமாம். கால்சியத்தை இன்னும் சில மாதம் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா தேறிவிட்டார். தினமும் காலையில் அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். நேற்று உருண்டையாக ஏதோ கையில் பட்டது. கொட்டைப் பாக்கு. "எடுத்துப் போய் இதையும் டெஸ்ட் பண்ணு" என்றார்.