புதுப்பிப்பு: ஆர்வியில் படம் பார்க்க 12 வோல்ட் டிவி

அரிசோனா பாலைவனத்தில் மின் இணைப்பு இல்லாத இடங்களில் ஆர்வியை (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை) நிறுத்தும்போது படம் பார்க்க எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன்: வீட்டு டிவியை இன்வெர்ட்டரில் ஓட்டுவதா, புரொஜெக்டரா, 12 வோல்ட் டிவியா? பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. 24 அங்குல 12 வோல்ட் டிவி வாங்கி மாட்டியாச்சு.

முடிவுக்குக் காரணம் இன்வெர்ட்டர்தான். வீட்டு டிவிக்கு பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற அது வேண்டும்; 12 வோல்ட் டிவியை பேட்டரியில் நேராகவே இணைக்கலாம். எங்களுடைய 2000 வாட் இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்தாலே 20 வாட் இழுக்கிறது. இந்த டிவிக்கு மொத்தமே 28 வாட். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 70 வாட்-மணி ஆகும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1280 வாட்-மணி இருக்கும். அதில் இது ஆறு சதவீதம்கூட இல்லை. பழைய ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, அதனால் கணக்கு இறுக்கமாகிவிடும்.

ஒன்றை அவசியம் கவனியுங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். வண்டிகளுக்கென்றே செய்த டிவி அதைத் தாங்கும். 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாதாரண டிவியை, அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் நேராக இணைப்பவர்கள் நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலையாக வைக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும்.

புரொஜெக்டரை விட்டுவிட்டேன். குறைந்த வாட் எல்இடி வகைகளுக்கு நல்ல இருட்டு வேண்டும்.

அப்புறம் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம். அதன் வழக்கமான டிஷ் இந்த டிவியைவிட அதிக மின்சாரம் தின்னும். அதனால் ஊரில் இருக்கும்போதே படங்களை டேப்லெட்டில் இறக்கி, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியில் போடுகிறோம்.