புதுப்பிப்பு: குவைத்தில் அடிபட்ட தம்பிக்கு இழப்பீடு வரத் தொடங்கிவிட்டது

குவைத்தில் அமெரிக்க ராணுவத் தளத்துக் கிடங்கில் ஒப்பந்த வேலை பார்த்த என் தம்பிக்கு முதுகில் அடிபட்டதையும், காப்பீட்டு நிறுவனம் கையை விரித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது பணம் வருகிறது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சு போனிலேயே நடந்தது. வெளிநாட்டு அமெரிக்கத் தளங்களில் ஒப்பந்த வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் 1941-இன் டிஃபென்ஸ் பேஸ் சட்டம், எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். அதில் தகராறு இல்லை. இழுபறியெல்லாம் சம்பளக் கணக்கில்தான். வாரச் சராசரிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தர வேண்டும். காப்பீட்டு நிறுவனமோ ஓவர்டைமை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நல்லவேளை, தம்பி ஒரு பே ஸ்லிப்பையும் தூக்கிப் போடாதவன். ஓவர்டைம் தொகை இருந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுப் படமெடுத்து அனுப்பினோம். வக்கீல் அதை வைத்தே பேசி முடித்தார்.

வக்கீல் பீஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அதிகாரியோ நீதிபதியோ ஒப்புதல் தராமல் அவர் நம்மிடம் பணம் வாங்கக் கூடாது. மறுத்த வழக்கில் ஜெயித்தால் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே கட்டும்.

அப்புறம், அடிபட்ட 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கோரிக்கை மனுவை 1 வருடத்துக்குள் போடுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். நிரந்தர ஊனம் என்று முடிவானால், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு மீதித் தொகையின் இன்றைய மதிப்பில் பாதியை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அதே தளம், அதே வேலை, அதே வலி, இது அநியாயம். தம்பிக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது, அந்தக் கட்டம் வரவில்லை.