ஸ்டென்ட் வைத்தாச்சு, ஆள் இன்னும் தேறவில்லை

பூம்பாறை பூண்டுக்காரர் மகன்:

அப்பாவுக்கு மதுரையில் இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததோ வேறு ஆள். பூண்டைக் காயவைத்துக் கட்டுப் போடும் நேரம். யார் கட்டினாலும் பிரித்து மறுபடி கட்டுகிற மனுஷன், வாசலில் குவிந்து கிடந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுகை, புலம்பல் எதுவும் கிடையாது. கேட்டால் "அசதியா இருக்குடா", அவ்வளவுதான். நடு ராத்திரியில் எழுந்து மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரையை நீட்டினால் "இதத் தின்னு என்ன ஆகப்போகுது" என்று எரிந்து விழுவார்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் அதற்கு மேல். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "மன்னவனூர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஸ்டென்ட் வச்சாங்க" என்று ஆரம்பித்து, கருமாதி வரை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

"கண்டம் தாண்டியவர், அப்படித்தான் இருப்பார்" என்றது ஊர். மறுபரிசோதனையில் டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். ரெண்டு வாரமா எதுலயாவது நாட்டம் இருக்கா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருக்கா? முதல் கேள்விக்கே அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் செர்ட்ராலின் மாத்திரை எழுதியிருக்கிறார். ஏற்கெனவே கை நிறைய மாத்திரை, இதையும் கொடுக்கலாமா?

குன்னூர் நர்ஸ்:

கொடுங்க தம்பி. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு வருகிறது. இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரையாலும் அசதி வரும்தான், ஆனால் பூண்டு மேல் இருந்த நாட்டம் போனது அசதி இல்லை. மான்ட்ரியலில் 222 பேரைத் தொடர்ந்து பார்த்து 1993இல் வந்த ஆய்வில், மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு இருந்தவர்கள்தான் ஆறு மாதத்துக்குள் அதிகம் இறந்திருந்தார்கள். மாத்திரையை ஒதுக்குவதும் ஒரு காரணம். செர்ட்ராலின் இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது என்று 2002 ஆய்வு காட்டியது. மனச்சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2003இல் வந்த பெரிய ஆய்வில் மனசு தேறியது, இறப்பு குறையவில்லை. தேறினாலே எனக்குப் போதும்!

ஒன்று கவனியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலோடு செர்ட்ராலின் சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் சொல்லணும். அடுத்தவர் சீட்டைப் பார்த்து அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய காலத்து மனச்சோர்வு மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது, இதயத் துடிப்பு தடுமாறும். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கொடைக்கானல் பைபாஸ்காரர்:

"சமதளத்துல அரை மணி நேரம் நடங்க" என்றார் கீழே இருக்கிற டாக்டர். வாசலைத் தாண்டினாலே படிக்கட்டு, சமதளத்துக்கு எங்கே போவது? ஏரி ரோடு ஒன்றுதான் வழி. முதலில் பெஞ்சிலிருந்து பெஞ்சு வரைதான் நடந்தேன். குதிரைக்காரப் பையன் ஒருவன் "என்ன சார், நேத்து காணோம்?" என்று கேட்க ஆரம்பித்தான். மாத்திரைக்கு இணையாக அதுவும் வேலை செய்தது என்பேன்.

தம்பி, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டால் அப்பாவை இங்கே கூட்டிட்டு வாங்க. விடியற்காலைப் பனியில் வேண்டாம், குளிருக்கு நெஞ்சு பிடிக்கும். வெயில் ஏறின பிறகு வாங்க. ஸ்டென்ட் கதை எதுவும் பேச மாட்டேன், பூண்டு விலைதான் கேட்பேன்.